கிடா சிலுப்பும் வரை

ஞாயிற்றுக்கிழமை காலை கோயிலில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். பெரியசாமி அண்ணன். என் தாத்தாவும் அவர் தாத்தாவும் கூடப் பிறந்தவர்கள், அதனால் பங்காளி. அவர் மனைவி ராக்கம்மாள், எனக்கு மதினி. மகன் சரவணன். மருமகள் கவிதா. பெரியசாமி அண்ணனின் தம்பி சின்னச்சாமி. பூசாரி, அவரும் பங்காளி வீட்டு ஆள்தான். பிறகு நான். ஏழு பேர். எங்களோடு ஒரு கறுப்புக் கிடா.

அடுப்புப் பக்கம் சமையல்காரர்கள் இருந்தார்கள். அவர்கள் பந்தியில் உட்காரப் போவதில்லை, அதனால் சேர்க்கவில்லை. ஊர்க்காரர்கள் சாயங்காலம்தான் வருவார்கள்.

நான் மலேசியாவில் கிள்ளான் பக்கம் இருப்பவன். குளிர்ப்பெட்டி லோரி ஓட்டுகிறேன். துறைமுகத்தில் இறங்கும் இறைச்சியைக் கடை கடையாகக் கொண்டுபோய்ப் போடுவது வேலை. தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு சரி. போய் வந்ததை எழுதி வைக்கச் சொன்னது என் மகள்.

போன காரணம் அப்பா. ஒரு முறை என் லோரி கவிழ்ந்து நான் ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தேன். பையன் பிழைத்தால் ஊருக்குப் போய்க் கருப்பசாமிக்குக் கிடா வெட்டுகிறேன் என்று அப்பா நேர்ந்துகொண்டார். நான் பிழைத்தேன். அவரால் போக முடியவில்லை. போன வருடம் இறந்துபோனார். கடைசியில் பேசியதும் அந்தக் கிடாவைப் பற்றித்தான்.

திண்டுக்கல்லில் இறங்கியது புதன்கிழமை. பசி. பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பிரியாணிக் கடை. எதிரே ஒருவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என் பெட்டியைப் பார்த்துவிட்டு எந்த ஊர் என்றார். மலேசியா என்றேன்.

"அங்கிட்டு பிரியாணி எப்பிடி?"

"அரிசி நீளமா இருக்கும்."

"நீளமா இருந்தா மசாலா எங்கிட்டுப் போய் ஒட்டும்?" என்றார். பாவப்பட்ட மாதிரி என்னைப் பார்த்தார். இங்கே அரிசி சீரகம் அளவுதான். ஒவ்வொரு அரிசியிலும் கறி வாசம் இருந்தது. அவர் சொன்னதில் தப்பில்லை.

சின்னச்சாமி பைக்கில் வந்து அய்யலூர்ப் பக்கத்தில் இருக்கும் ஊருக்கு என்னைக் கூட்டிப்போனார். "பசியாறிட்டீங்களா?" என்று கேட்டேன். எங்கள் ஊரில் காலையில் யாரைப் பார்த்தாலும் அப்படித்தான் கேட்போம். அவர் சிரித்தார். "அதென்னண்ணே, கல்யாணப் பத்திரிக கணக்காப் பேசுறீக. இங்க சாப்ட்டியான்னுதான் கேப்போம்." பிறகு வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார். பசியாறிட்டீகளா. பசியாறிட்டீகளா.

வியாழன் அய்யலூர் சந்தை. விடிவதற்குள் மைதானம் நிறைந்துவிட்டது. இத்தனை ஆடுகளை உயிரோடு ஒரே இடத்தில் நான் பார்த்ததில்லை. முப்பது வருடமாக ஆடு ஏற்றுகிறேன். எல்லாம் ஆஸ்திரேலியாவிலிருந்து அட்டைப் பெட்டியில் வருவது. முகம் இருக்காது.

ஒரு வியாபாரி என் கையைப் பிடித்து ஆட்டின் முதுகில் வைத்தார். "கண்ணால பாக்காதீக. முதுகப் பிடிச்சுப் பாருங்க. எலும்பு தட்டுதா? தட்டாது." பிறகு கேட்டார், "நேத்திக்கடனுக்கா, பிரியாணிக்கா?"

"ரெண்டுக்கும் வேற வேற ஆடா?"

"பிரியாணிக்குன்னா எதுன்னாலும் ஆடுதான். சாமிக்குன்னா காது கிழிஞ்சிருக்கக் கூடாது, கொம்பு ஒடஞ்சிருக்கக் கூடாது, காயடிச்சிருக்கக் கூடாது."

நேர்த்திக்கடன் என்றேன். உடனே என் கையை விட்டுவிட்டு வேறு வரிசைக்குக் கூட்டிப்போனார். பேச்சும் கொஞ்சம் மரியாதையாக மாறியது. கறி ஒன்றுதான். எதற்கு என்பதில் ஆடு மாறிவிடுகிறது. கறுப்பில் ஒன்றைப் பிடித்தோம். நெற்றியில் மட்டும் வெள்ளை மயிர் கொஞ்சம்.

வெள்ளியும் சனியும் பெரியசாமி அண்ணன் வீட்டில். கிடாவை நான் படுத்த கட்டிலுக்குப் பக்கத்தில் கட்டியிருந்தார்கள். அகத்திக்கீரை நான்தான் கொடுத்தேன். இரண்டாம் நாள் என் சட்டையை மோந்து பார்த்துவிட்டுப் பொத்தானைக் கடித்தது. பழகக் கூடாது என்று நினைத்தேன். அது பழகிவிட்டது.

சனிக்கிழமை சாப்பிடும்போது சின்னச்சாமி கேட்டார், "லாரியில என்னென்ன ஏத்துவீகண்ணே?"

"கோழி, ஆடு, மாடு."

மாடு என்றதும் பெரியசாமி அண்ணன் தண்ணீர் குடித்தார். "ஏத்துறதுதான? சாப்புடுறதில்லையே?" என்றார். இல்லை என்றேன். உண்மைதான். எங்கள் அம்மா தொட்டதில்லை, நானும் தொட்டதில்லை. "பெறகென்ன, வேல வேலதான்" என்றார். மதினி ரசம் ஊற்றினார்.

எனக்கு அப்பா சொன்னது ஞாபகம் வந்தது. "உங்களுக்கு ஒரு தங்கச்சி உண்டே?" என்றேன்.

"இருக்கா" என்றார் மதினி. மோர் எடுக்க உள்ளே போனார். அண்ணன் இலையை மூடிவிட்டார்.

இனி ஞாயிறு.

கோயிலுக்குக் கூரை கிடையாது. மல்லிகைத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு புளியமரம், அதன் கீழ் நட்ட அரிவாள்கள், அவ்வளவுதான். அங்கே இரண்டு வழக்கம் உண்டு. வெட்டும் முன் கிடாவின் மேல் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். அது உடம்பை உதற வேண்டும். சிலுப்புதல் என்கிறார்கள். சிலுப்பினால் சம்மதம். சிலுப்பாமல் வெட்டக் கூடாது. இரண்டாவது, முதல் பந்தியில் நேர்ந்துகொண்ட குடும்பம் ஆணும் பெண்ணுமாக ஒரே வரிசையில் உட்கார வேண்டும். உட்கார்ந்த பிறகு எல்லோரும் சாப்பிட்டு முடிக்கும்வரை யாரும் எழுந்திருக்கக் கூடாது.

பூசாரி தண்ணீர் ஊற்றினார். கிடா சும்மா நின்றது. மறுபடி ஊற்றினார். கிடா தலையைத் திருப்பித் தன் கழுத்து மாலையைத் தின்ன ஆரம்பித்தது.

"குடுத்துரு அப்பு, உத்தரவ குடுத்துரு" என்றார் மதினி. கிடாவிடம் சொன்னாரா சாமியிடம் சொன்னாரா தெரியவில்லை.

குடம் காலியானது. இன்னொரு குடம் வந்தது. வெயில் ஏறியது. கிடா சொட்டச் சொட்ட நின்று மாலையை முடித்துவிட்டு என்னைப் பார்த்தது. இதைப் பிடித்து ஒரே வெட்டில் முடிக்கலாம், யார் கேட்கப் போகிறார்கள் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் அரிவாள் வைத்திருந்த சரவணனே அதைத் தரையில் வைத்துவிட்டான். அந்த ஆட்டின் சம்மதத்துக்காக அத்தனை பேரும் நின்றோம்.

பூசாரி சொன்னார், "யாருக்கோ மனக்கொற இருக்கு. இல்லாட்டி இம்புட்டு நேரம் ஆகாது. இந்த வீட்ல பொறந்த பொண்ணு எவளும் வரலையா?"

சின்னச்சாமிதான் கடைசியில் வாயைத் திறந்தார். "பாண்டியம்மாளுக்குச் சொல்லல."

"அந்த வீட்ல என்ன வேகுதுன்னு தெரிஞ்சுதான பேசுற?" என்றார் பெரியசாமி அண்ணன்.

"அடுப்புல என்ன வேகுதுன்னு சாமி கேக்கலப்பா" என்றார் பூசாரி. "எல ஒண்ணு கொறையுதுன்னு கேக்குது."

அப்போதுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. பாண்டியம்மாள் இவர்களின் தங்கை. திண்டுக்கல்லில் வேலைக்குப் போன இடத்தில் ஆரோக்கியம் என்ற வாத்தியாரைக் கட்டிக்கொண்டாள். கிறிஸ்தவக் குடும்பம். அவர்கள் வீட்டில் மாட்டுக்கறி சமைப்பார்கள். அதனால் இவர்கள் அந்த வீட்டில் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. அவளை எந்தப் பந்திக்கும் கூப்பிடுவதில்லை. காரணம் கறி என்றார்கள். அது மட்டும்தானா என்று நான் கேட்கவில்லை.

"நேத்தி யாரோடது?" என்றார் பூசாரி. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "அப்ப நீங்கதான் போய்க் கூப்புடணும்."

பெரியசாமி அண்ணன் அடுப்புப் பக்கம் போய்விட்டார். சின்னச்சாமி பைக்கை எடுத்தார். தங்கச்சியின் போன் நம்பர் அவரிடம் இருந்தது. எப்படி இருந்தது என்று யாரும் கேட்கவில்லை.

வடமதுரையில் பைக் பஞ்சர். ஞாயிற்றுக்கிழமை, பஞ்சர் கடை அடைத்திருந்தது. சின்னச்சாமி வண்டியோடு நின்றுவிட்டார். தங்கச்சி வீட்டு விலாசத்தைச் சொல்லி என்னை ஒரு பேருந்தில் ஏற்றிவிட்டார். ஒரு பெண் முருங்கைக்காய்க் கட்டை என் பாதத்தின் மேல் வைத்துவிட்டு, "செத்தக் காலத் தூக்கிக்கங்கண்ணே" என்றாள். வைத்த பிறகுதான் சொன்னாள். திண்டுக்கல் வரை ஒற்றைக் காலில் போனேன்.

பாண்டியம்மாளின் தெருவிலிருந்து மலைக்கோட்டை தெரியும். கதவைத் திறந்தவர் வாத்தியார். உள்ளே பூண்டும் மிளகும் சேர்ந்த வாசம். என்ன கறி என்று எனக்குத் தெரியும். பாண்டியம்மாள் கரண்டியோடு வந்தாள். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். முகம் அப்படியே பெரியசாமி அண்ணன். நான் யார் என்று சொன்னேன். கிடா சிலுப்பாததையும் சொன்னேன்.

வாத்தியார் சிரித்துவிட்டார். "நானும் வந்தா கெடா அவுத்துக்கிட்டு வீட்டுக்கே போயிரும். நீ மட்டும் போய்ட்டு வா."

அவள் சிரிக்கவில்லை. "தண்ணியாச்சும் குடிப்பீகளாண்ணே?" என்றாள்.

காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்றேன். ஓர் அடுப்பில் கறி கொதித்தது. இன்னோர் அடுப்பில் இட்லி வெந்தது. இட்லியும் சட்னியும் வைத்தாள். சாப்பிட்டேன். நான் சாப்பிடுவதை நின்று பார்த்தாள். இந்த வீட்டில் அவள் பிறந்த பக்கத்து ஆள் யாரும் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை என்று பிறகு வாத்தியார் சொன்னார்.

"நீ சாப்பிடலையா?" என்றேன்.

"சர்ச்சுல பூசைக்குப் போய்ட்டு இப்பத்தான் வந்தேன். இன்னும் பச்சத் தண்ணி குடிக்கல." கரண்டியைக் கழுவி வைத்தாள். "ஆட்டுக்காகக் கூப்புடுறீகளாண்ணே, எனக்காகக் கூப்புடுறீகளா?"

பொய் சொல்லத் தெரியவில்லை. "ஆட்டுக்காகத்தான் அனுப்புனாங்க" என்றேன்.

"அந்தச் சாமி இப்ப எனக்கு இல்ல. ஆனா எங்கப்பா பக்கத்துல எனக்கு எல போட்ட எடம் அது" என்றாள். சேலை மாற்றிக்கொண்டு வந்தாள்.

எங்கள் கம்பெனியில் மதியச் சாப்பாட்டுக்கு ஒரே மேசை. நான், ஒரு மலாய்க்காரர், ஒரு சீனர். சீனர் பன்றி கொண்டுவரும் நாளில் தானே தள்ளிப்போய் உட்காருவார். நான் மாடு தொடமாட்டேன் என்று மலாய்க்காரருக்குத் தெரியும். யாரும் யாரையும் மேசையை விட்டு எழுப்பியதில்லை. யாரும் யார் தட்டிலிருந்தும் எடுத்ததுமில்லை. இத்தனை வருடம் அதை ஒற்றுமை என்று நினைத்திருந்தேன். பேருந்தில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தபோது அது பாதிதான் என்று பட்டது.

பேருந்து திண்டுக்கல்லைத் தாண்டியதும் போன் வந்தது. பெரியசாமி அண்ணன்.

"சிலுப்பிருச்சுப்பா. வெட்டியாச்சு. இனி அவள வர வேணாம்னு சொல்லிரு."

போனைப் பையில் போட்டேன். சொல்லாமல் இருந்துவிடலாம். அவளைக் கொண்டுபோய் நிறுத்தினால் முகத்துக்கு நேரே யாரும் போ என்று சொல்லமாட்டார்கள். ஆனால் அவள் என்னிடம் கேட்டதற்கு நான் உண்மை சொல்லித்தான் கூட்டிவந்தேன். பாதி வழியில் அதை மாற்றக் கூடாது.

"கிடா சிலுப்பிருச்சாம்" என்றேன்.

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெளியே தென்னை போனது, தக்காளித் தோட்டம் போனது. "என்னைய வேணாம்னுட்டாரா?"

"ஆமா."

"நீங்க என்ன சொல்றீக?"

"இப்ப ஆட்டுக்கு நீ தேவையில்ல. வந்தா உனக்காக வர்றதுதான்."

வடமதுரையில் பேருந்து நின்றது. எறங்குறவுக எறங்குங்க என்று நடத்துநர் கத்தினார். சின்னச்சாமி அங்கேதான் ஒரு நிழலில் பஞ்சரான பைக்கோடு நின்றார். தங்கச்சியைப் பார்த்துக் கையைத் தூக்கினார். திரும்பிப் போகிற பேருந்து எதிர்ப்பக்கம் தயாராக நின்றது. அவள் அதைப் பார்த்தாள்.

"அய்யலூருக்கு டிக்கெட் எடுத்தாச்சுல்ல" என்றாள். எழுந்திருக்கவில்லை. சின்னச்சாமி வண்டியைப் பூட்டிவிட்டு ஓடிவந்து ஏறிக்கொண்டார்.

கோயிலுக்கு நடந்துபோகும்போதே கறி வேகும் வாசம் வந்தது. புளியமரத்துக் கிளையில் தோல் தொங்கியது. நெற்றி வெள்ளை தெரிந்தது. நான் வேறு பக்கம் பார்த்தேன்.

மதினிதான் முன்னால் வந்தார். "வா பாண்டி. சாப்ட்டியா?" என்றார். அதைக் கேட்ட விதத்தில் அந்தக் கறியைச் சாப்பிட்டாயா என்பதும் இருந்தது.

"இன்னைக்கி இன்னும் இல்ல மதினி. ராத்திரி போய்ச் சாப்புடுவேன். ஆக்கி வச்சிட்டுத்தான் வந்தேன்" என்றாள் பாண்டியம்மாள்.

மதினி தண்ணீர்ச் செம்பை நீட்டினார். பாண்டியம்மாள் அண்ணாந்து குடித்தாள்.

கறி வெந்து இறங்கியதும் சரவணன் இலை போட்டான். ஏழு போட்டுவிட்டு எட்டாவதைக் கையில் வைத்துக்கொண்டு அப்பா முகத்தைப் பார்த்தான். பெரியசாமி அண்ணன் மரத்தைப் பார்த்தார். நான் அந்த இலையை வாங்கி என் பக்கத்தில் விரித்தேன்.

"கிடா என்னோடது" என்றேன்.

பாண்டியம்மாள் உட்கார்ந்தாள். எல்லோரும் உட்கார்ந்தார்கள். பெரியசாமி அண்ணன் மட்டும் நின்றார்.

"ஒக்காந்துட்டா நடுவுல எந்திரிக்கக் கூடாது. போறவுக இப்பவே போயிரணும்" என்றார் பூசாரி. யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டார். போகப் போகிறார் என்றுதான் நினைத்தேன். வரிசையின் கடைசி இலையில் போய் உட்கார்ந்தார்.

சோறு விழுந்தது. குழம்பு விழுந்தது. யாரும் கை வைப்பதற்குள் பாண்டியம்மாள் கேட்டாள், "கெடா தானாச் சிலுப்புச்சா, சிலுப்ப வச்சீகளா?"

கவிதா சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். சிரிப்பு வெளியே வந்துவிட்டது. "காதுக்குள்ள ஊத்துனா எந்த ஆடுதான் சிலுப்பாது" என்றாள்.

"ஏ, சும்மா இரு" என்றான் சரவணன். அவன் காது சிவந்திருந்தது.

பூசாரி நிமிர்ந்தார். "நா சூடம் எடுக்கத் திரும்புன நேரத்துலயா? ஏலே சரவணா."

"அவனக் கேக்காதீக" என்றார் பெரியசாமி அண்ணன். "நாந்தான் ஊத்தச் சொன்னேன்."

அவள் வந்து சேர்வதற்குள் முடிக்க வேண்டும், அதற்காகத்தான். அது அவளுக்கும் தெரிந்தது. சோற்றின் மேல் வைத்த அவள் கை அப்படியே நின்றது. எழுந்து போகவும் முடியாது. கண்ணில் தண்ணீர் இல்லை. அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் என் இலையைப் பார்த்தேன். நான் ஏற்றும் ஆட்டிடம் யாரும் எதையும் கேட்பதில்லை. பெட்டியில் ஹலால் முத்திரை இருக்கிறதா என்று மட்டும் பார்ப்போம். இங்கே கேட்டார்கள். பதில் வராதபோது காதில் தண்ணீர் விட்டுப் பதில் வாங்கிக்கொண்டார்கள். எது மேல் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் வாங்கிய பதில் பொய் என்று அந்த வரிசையில் எல்லோருக்கும் உறுத்தியது. பெட்டி இறக்கும்போது எனக்கு ஒரு நாளும் உறுத்தியதில்லை.

குழம்பின் மேல் கொழுப்பு உறைய ஆரம்பித்தது.

"பாண்டி" என்றார் பெரியசாமி அண்ணன், வரிசையின் அந்தக் கடைசியிலிருந்து. "சாப்புடு. ஆறுது."

"நீங்க மொதல்ல வைங்கண்ணே" என்றாள்.

அவர் பிசைந்து ஒரு வாய் வைத்தார். அவள் வைத்தாள். பிறகு எல்லோரும். எனக்கு முதல் வாய் இறங்கவில்லை. பொத்தானைக் கடித்த வாய் ஞாபகம் வந்தது. தண்ணீர் குடித்தேன். இரண்டாவது வாய் இறங்கியது. கறி நன்றாக இருந்தது. அதையும் சொல்ல வேண்டும்.

"மதினி, உப்புக் கொறையுது" என்றாள் பாண்டியம்மாள்.

"ஒனக்கு எப்பக் கொறையல?" என்றார் மதினி. அடுப்புப் பக்கம் திரும்பி உப்புக் கேட்டார்.

பெரியசாமி அண்ணன் இரண்டாம் முறை சோறு வாங்கினார். சின்னச்சாமி மூன்றாம் முறை. அவர் சாப்பிட்டு முடியும்வரை எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். "சின்னண்ணே, பசியாறிட்டீகளா, எந்திரிக்கலாமா?" என்றான் சரவணன். சித்தப்பாவை அண்ணே என்று அவன் பாண்டியம்மாள் குரலில் கூப்பிட்டதில் கவிதாவுக்கு மறுபடி சிரிப்பு.

கை கழுவும்போது பூசாரியைக் கேட்டேன். "அப்பாவோட நேர்த்தி சேர்ந்துச்சா?"

"எனக்குத் தெரியலப்பா" என்றார். பல் குத்தினார். "எதுக்கும் இன்னொருக்கா வா. இன்னொரு கெடா பாப்போம்."

சாப்பாடு போதும், உறவு இருக்கட்டும் என்றால் இலையின் மேல் பாதியைத் தன் பக்கமாக மடிப்பது இங்கே வழக்கம். எங்கள் ஊரிலும் அப்பா அப்படித்தான் மடிப்பார். சமையல்காரர் இலை எடுக்க வந்தார். நான் எடுக்கிறேன் என்றேன். வரிசையாகக் குனிந்து எடுத்தேன். எல்லாம் தன் பக்கம் மடித்தவை. கடைசி இலையும். எண்ணினேன்.

எட்டு.